ஒரே ஒருமுறை தெரிந்து வாங்கியவர்

நாமக்கல் தீவனத் தொழிலில் இருப்பவர்களின் வாட்ஸப் குழுவில், அன்றைய முட்டை விலைக்கும் மக்காச்சோள வரத்துக்கும் நடுவில் அந்தச் செய்தி வந்தது. கோமதி மேடம் காலமானார், மோகனூரில் மதியம் எடுக்கிறார்கள். கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள். நானும் ஒன்று போட்டேன். அத்தனை கும்பிடுகளில் பொய்யானது எது என்று கேட்டால் என்னுடையதைத்தான் காட்டுவேன்.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். பெரிய தீவன ஆலை ஒன்றில் பதினாறு வருடம் கொள்முதல் பார்த்தவர். மக்காச்சோளம், புண்ணாக்கில் இருந்து மூட்டை தைக்கிற நூல் வரை அவர் கையெழுத்துப் போட்டால்தான் உள்ளே போகும். நான் சேலத்தில் சிறிய அளவில் தீவன மருந்து தயாரித்து விற்கிறவன். பூஞ்சை பிடித்த சோளத்தின் நஞ்சு கோழி உடம்பில் ஏறாமல் தடுக்கிற மருந்து அது.

முதல் நான்கு வருடம் அவர் என்னிடம் ஒரு கிலோகூட வாங்கவில்லை. ஆனால் வருடம் தவறாமல் கூப்பிட்டு விலை கேட்பார். நானும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு நாமக்கல்லுக்கு ஓடுவேன். ஒருமுறை வெட்கத்தை விட்டு, எனக்கு வாய்ப்பு இருக்கிறதா என்று கேட்டுவிட்டேன்.

"உங்களுது மூணாவது கொட்டேசனுங்க சார். பைலுக்கு மூணு வேணும். முடிவு முன்னாலயே ஆயிருச்சு. இருந்து காப்பி குடிச்சுட்டுப் போங்க" என்றார்.

எனக்குத் தெரிந்து, விற்க வந்தவனிடம் உண்மையைச் சொன்ன ஒரே கொள்முதல் அதிகாரி அவர்தான். காப்பியும் நன்றாகவே இருந்தது.

அடுத்த வருடம் நான் கெட்டிக்காரத்தனமாக விலையைக் கணிசமாகக் குறைத்துக்கொண்டு போனேன். அவர் முகம் வாடிவிட்டது. இவ்வளவு குறைக்க முடிகிறவர் இதுவரை ஏன் கூடுதலாகச் சொன்னார், இனி சரக்கில் எதைக் குறைப்பார் என்று முதலாளி கேட்டால் தான் என்ன சொல்வது என்றார். விலை குறைந்தால் வாங்குவார்கள் என்பது நம் கணக்கு. எதிரே இருப்பவரை அதே குறைந்த விலை பயமுறுத்தும் என்று அன்றுதான் தெரிந்தது.

எல்லாரும் வாங்கும் அந்தப் பெரிய கம்பெனி மருந்தையே ஏன் வாங்குகிறீர்கள், அது அவ்வளவு உசத்தியா என்று இன்னொரு நாள் கேட்டேன். "நல்ல சரக்குன்னு வாங்கறதில்லீங்க. தப்பாப் போனா தனியா நிக்க வேண்டாம்னு வாங்கறது. அத வாங்கி யாருக்கும் வேலை போனதில்ல" என்றார். கணவர் இல்லை, தம்பி குடும்பத்துக்கும் சேர்த்து அவர் சம்பளம்தான் என்பது எனக்குத் தெரியும். அதற்கு மேல் நான் வாதாடவில்லை.

ஆனாலும் அவர் என் மருந்தை மறக்கவில்லை. என்னிடம் சொல்லாமலேயே, நான் கொடுத்திருந்த சாம்பிளை ஒரு கொட்டகைக் கோழிகளுக்கு மட்டும் கொடுத்துப் பார்த்திருக்கிறார். மூன்று இடத்தில் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார். பிறகு ஒரு நாள் கூப்பிட்டார். "இத்தன வருசம் பயந்து பயந்தே வாங்கிட்டேன். ஒருக்கா தெரிஞ்சு வாங்கிப் பாக்கறேனுங்க" என்றார். எவ்வளவு கலக்க வேண்டும் என்று கேட்டார். டன்னுக்கு ஒரு கிலோ என்று நான் வாயால் சொன்னேன். எழுதிக் கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. அத்தனை வருடத்தில் அவர் எழுத்தில் கேட்காமல் விட்டது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

எட்டு மாதம் ஒரு குறையும் இல்லை. அந்த ஐப்பசியில் விடாமல் மழை பெய்தது. முதலாளியின் மச்சினர் கெங்கவல்லிப் பக்கம் இருந்து ஈரச் சோளத்தை லோடு லோடாக இறக்கினார். வேண்டாம் என்று மேடம் சொன்னது எடுபடவில்லை. சந்தேகப்பட்டு, எனக்கும் ஒரு பை சோளம் கொடுத்தனுப்பினார். சோதித்தபோது நஞ்சு எந்த மருந்தும் தாங்காத அளவில் இருந்தது. அந்த அறிக்கையை நான் அவருக்கு அனுப்புவதற்குள் பண்ணைகளில் முட்டை எண்ணிக்கை சரிந்துவிட்டது. முதலாளி எல்லாரையும் கூப்பிட்டார்.

அந்த அறையில் மச்சினர் இருந்தார். மேடம் இருந்தார். என் பையில் அறிக்கை இருந்தது. முதலாளி என்னைப் பார்த்து, "உங்க மருந்துல கோளாறா, இல்ல வேறெதாச்சுமா?" என்றார். சோளம் என்று சொன்னால் மச்சினரைச் சொன்னதாகும். அதோடு அந்த வாசல் எனக்கு மூடிவிடும். மேடம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சும்மா இருந்திருந்தால்கூடப் பாதிப் பாவம்தான். நான் வாயைத் திறந்து, "அளவு சரியாக் கலந்தாங்களான்னு பாக்கணுங்க. ரெண்டு கிலோ போட்டிருந்தா தாங்கியிருக்கும்" என்றேன்.

மருந்தும் தப்பித்தது, மச்சினரும் தப்பித்தார். ஒரு கிலோ என்று ஆலையில் அளவு சொன்ன மேடத்தின் மேல் பழி விழுந்தது. முதலாளிக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது, அது கைக்கு வந்துவிட்டது. அந்த வாரமே மேடத்தை அனுப்பிவிட்டார்கள்.

பத்து நாள் கழித்து அவரே போன் செய்தார். நான் மன்னிப்புக் கேட்கும் முன்பே, "உடுங்க சார். வாங்கறவங்களுக்கு என்ன வேணுமோ, அதத்தான் நீங்க வித்தீங்க" என்றார். பிறகு உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி வைத்துவிட்டார். அது திட்டா, ஆறுதலா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அதற்குப் பிறகு அவரை யாரும் வேலைக்கு எடுக்கவில்லை. இதில் நம் எல்லாருக்கும் பங்கு இருக்கிறது. எடுத்தால் நாளைக்கு யார் பதில் சொல்வது என்று ஒவ்வொருவரும் பயந்தோம். ராசிபுரத்து முதலாளி ஒருவர் அவரைப் பற்றி என்னிடம் விசாரித்தார். "நல்லவங்கதானுங்க" என்றேன். நல்லவங்க என்று நிறுத்தியிருக்கலாம். அந்தத் 'தான்' ஒன்று போதும், நம் ஊரில் கேட்பவர் புரிந்துகொள்வார். அவரும் புரிந்துகொண்டார். சர்க்கரை ஏறி, சிறுநீரகம் கெட்டு, மூன்று வருடத்தில் மேடம் போய்விட்டார்.

மோகனூருக்குப் போயிருந்தேன். அவர் தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க மருந்து நல்ல சரக்குன்னு அக்கா கடைசி வரைக்கும் சொல்லுமுங்க" என்றார். ஆமாங்க என்று மட்டும் சொன்னேன். இங்கே எழுதியிருப்பதை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொல்லி யாருக்கு என்ன ஆகப்போகிறது.

போனவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் அவர்களிடமிருந்து தமக்குக் கிடைத்ததைச் சொல்லி முடிப்பார்கள். எனக்குக் கோமதி மேடத்தால் கிடைத்தது அந்த ஆலையின் ஆர்டர். அன்று நான் சொன்னதை நம்பி டன்னுக்கு இரண்டு கிலோ போடுகிறார்கள், அதனால் ஆர்டரும் இரட்டிப்பாக வருகிறது. இந்த மாதமும் லோடு ஏற்றி அனுப்பினேன். ஒரு கிலோ போதும் என்று அவர்களிடம் நான் இன்னும் சொல்லவில்லை.