எனக்கு மட்டும் வராத வாசனை

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போய்விடுகிறவள் நான். சாமி வந்து ஆடுகிறவர்களைக்கூட மரியாதையாக விலகி நின்றுதான் பார்த்திருக்கிறேன். ஆகவே இதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு வருத்தமில்லை. உங்கள் இடத்தில் இருந்திருந்தால் நானும் நம்பியிருக்கமாட்டேன்.

என் கணவர் பாலக்கோட்டில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருந்தார். ஒரு சாயங்காலம் நெஞ்சுவலி வந்து, தருமபுரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே இறந்துபோனார். மறுநாள் காலை அவரைப் பந்தலில் கிடத்தியிருந்தபோது நடந்தது இது. துக்கத்துக்கு வருகிற பெண்கள் இறந்தவரைப் பார்த்துவிட்டு, நேரே மனைவியிடம் வந்து கட்டிக்கொண்டு அழுவார்கள் இல்லையா, அப்படித்தான் வந்தார்கள். முதலில் வந்தவர் என் கழுத்தில் முகம் புதைத்து ஓங்கி அழ ஆரம்பித்தார், சட்டென்று நிறுத்தினார், மூச்சை உள்ளே இழுத்தார், பிறகு விட்ட இடத்திலிருந்து அழுகையைத் தொடர்ந்தார். அடுத்தவரும் அப்படியே. அதற்கடுத்தவரிடம் அந்த நிறுத்தத்துக்காக நானே காத்திருக்க ஆரம்பித்துவிட்டேன்.

பந்தல் ஓரத்திலிருந்து ஒரு பெரியம்மாவின் குரல் கேட்டது. என் காதில் விழட்டும் என்றே பேசினார்.

“புருசனத் தூக்கறதுக்குள்ள என்னாடி இது, பொண்ணழைக்கற வூடாட்டம் கமகமங்குது?”

“மெதுவாப் பேசுக்கா. படிச்சவங்களுக்கு சென்ட் போட்டாத்தான் அழுகை வருமாட்டம் இருக்குது.”

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு எந்த வாசனையும் வரவில்லை. பந்தலின் ஊதுபத்தியும் என் வியர்வையும்தான் வந்தன.

பொம்மிடியிலிருந்து வந்திருந்த என் நாத்தனார் சரோஜா என்னை உள் அறைக்கு இழுத்துப் போனாள். பிள்ளையில்லாத எனக்கு, அவர் போன பிறகு உறவென்று மிச்சமிருந்தவள் அவள் ஒருத்திதான்.

“எங்கண்ணன் வெளிய கெடக்கறாரு, அண்ணி. நீங்க சென்ட் போட்டுக்கிட்டு ஒக்காந்திருக்கறீங்களே, மனசு எப்படிங்க வந்துச்சு?”

அவருக்கு வாசனை என்றாலே தும்மல் நிற்காது. எங்கள் வீட்டில் முகப்பவுடர்கூடக் கிடையாது. கூடப்பிறந்தவளுக்கு இது தெரியாதா? தெரிந்தும் அவள் என் பீரோவைத் திறந்து புடவை புடவையாக உதறித் தேடினாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். துக்கத்தைவிட வெட்கம் பெரிதாக இருந்தது அந்த நேரத்தில்.

அவரை எடுத்துக்கொண்டு போன பிறகு, சரோஜாவே எனக்குத் தலைக்கு ஊற்றினாள். தோல் எரியும்படி சீயக்காய் தேய்த்தாள். என்னுடைய துணி எதுவும் வேண்டாமென்று தன் பையிலிருந்த புடவையைக் கொடுத்தாள். நான் கட்டி முடித்ததும் கிட்டே வந்து, என் தோளில் முகத்தை வைத்து, அசையாமல் நின்றாள்.

“இப்பத்தாங்க அண்ணி, ஜாஸ்தியா வருது.”

அவள் குரலில் கோபம் போய் பயம் வந்திருந்தது.

“எப்படி இருக்குது, சரோஜா?”

“மாங்கா பழுக்க வெச்ச ரூமுக்குள்ள போனாப்பல ஒரே தித்திப்புங்க. அதுக்கு அடியில, வேப்பெண்ணெ வெளக்கு அணஞ்சாப்பல ஒரு கசப்பு. அந்தக் கசப்பு இல்லீன்னா தித்திப்பு தெகட்டிப் போயிருங்க. ரெண்டும் ஒண்ண ஒண்ணு புடிச்சிக்கிட்டு நிக்குது.”

“இன்னொரு தடவ சொல்லு.”

சொன்னாள். ஈரத்தலையோடு கேட்டுக்கொண்டிருந்த எனக்குள் ஏற்பட்டதற்குச் சந்தோஷம் என்பதைத் தவிர வேறு பெயர் வைக்க முடியவில்லை. அவர் அப்போது சுடுகாட்டுக்குக்கூடப் போய்ச் சேர்ந்திருக்கமாட்டார். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சரோஜா கண்களைத் திருப்பிக்கொண்டாள்.

கருமாதிக்குப் பிறகு மற்றவர்கள் யாருக்கும் அந்த வாசனை வரவில்லை. சரோஜாவுக்கு மட்டும் வருகிறது. எப்போது வந்தாலும் செருப்பைக் கழற்றியதும் என்னைக் கட்டிக்கொள்வாள், கொஞ்சம் அதிக நேரம் அப்படியே நிற்பாள். “இருக்குதுங்க” என்பாள். போன பொங்கலுக்கு, “தித்திப்பு கொறஞ்சிக்கிட்டே வருதுங்க, அண்ணி” என்றாள்.

இந்த மாதம் வந்தபோதும் கட்டிக்கொண்டாள். உடனே விலகி, முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்றாள். அப்போதுதான் வந்து இறங்கியிருந்தாள்.

அவள் போனதும் என் தோளில் நானே முகத்தை வைத்து மூச்சை இழுத்துப் பார்த்தேன்; எனக்கு வியர்வைதான் வந்தது.