ஸ்கைலாப் விழாது என்று சூடம் அணைத்தவர்

மருதப்பன் கடையில் ரேடியோ பழுது பார்ப்பார். கல்யாணத்துக்கும் சடங்குக்கும் மைக் செட் வாடகைக்கு விடுவார். ஆனால் சங்கரன்கோவிலில் அவரைப் பலருக்கும் தெரிந்தது கடை வாசலில் தொங்கிய கரும்பலகையால்தான். காலையில் அதில் ஒரு கேள்வி எழுதுவார், சாயங்காலம் பதில். ஒரே நடிகர் இரண்டு வேடத்தில் வந்து தன் கையைத் தானே குலுக்குவது எப்படி? சதுரங்கக் குதிரை எல்லாக் கட்டத்தையும் ஒருமுறை மட்டும் மிதித்துச் சுற்றி வர முடியுமா? சூரிய வெளிச்சம் நம்ம ஊருக்கு வர எவ்வளவு நேரம்? பூமிக்கு என்று எழுத மாட்டார். நம்ம ஊருக்கு என்றுதான் எழுதுவார்.

நான் பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்துவிட்டுச் சும்மா இருந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். படித்து முடித்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்று கேட்பதற்கு வீட்டில் யாரும் இல்லை. அதனால் மருதப்பன் கடையில் உட்கார்ந்திருப்பேன். அவர் என்னை "பி.எஸ்சி." என்றுதான் கூப்பிடுவார். கேலியா மரியாதையா என்று எனக்குப் பிடிபட்டதில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவர். பழைய பத்திரிகைகளைப் படித்துத் தேறியவர். செவ்வாயில் கால்வாய் வெட்டியிருக்கிறார்கள் என்று ஒருமுறை எழுதினார். அது பழைய கதை, இப்போது இல்லையென்று ஆகிவிட்டது என்று நான் சொன்னதற்கு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

எழுபத்தொன்பதாம் ஆண்டு, ஆனி மாதம். அமெரிக்காக்காரன் வானத்தில் விட்டிருந்த ஸ்கைலாப் என்ற ஆய்வுக்கூடம் சுற்றுப்பாதையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. எழுபது டன்னுக்கு மேல் எடை. எங்கே விழும் என்று விட்டவனுக்கே தெரியவில்லை. ஊரில் சிலர் வளர்த்த கோழியை அடித்துச் சாப்பிட ஆரம்பித்திருந்தார்கள். மருதப்பனுக்கு வாழ்க்கையிலேயே அதுபோல ஒரு நேரம் வாய்த்ததில்லை. பலகையில் உலகப் படம் வரைந்து, ஸ்கைலாப் போகும் வழியைச் சிவப்புச் சுண்ணக்கட்டியால் பாம்புபோல மேலும் கீழும் இழுத்தார். படத்தில் நான்கு ஊர்கள்தான் இருந்தன. நியூயார்க், லண்டன், மாஸ்கோ, சங்கரன்கோவில். கோடு எங்கள் ஊர்ப் புள்ளிமேல் சரியாகப் போயிற்று.

அதே ஆனி இருபத்தேழு, புதன்கிழமை, அவர் தங்கை முருகம்மாளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீரபாண்டி, குருவிகுளம் பக்கத்தில் கரிசல்காட்டில் விவசாயம் பார்க்கும் சம்சாரி. முருகம்மாளுக்கு இருபத்தாறு வயது. தறிக்காரர்களுக்கு ராட்டையில் நூல் சுற்றித் தார் போட்டுக் கொடுப்பாள். இரண்டு வரன் தட்டிப்போன பிறகு வந்தது இது. அந்த முகூர்த்தத்தை விட்டால் ஆடி வந்துவிடும். ஆடியில் யாரும் தாலி கட்ட மாட்டார்கள்.

பந்தலுக்கு விலை பேச வந்த மாப்பிள்ளையின் அப்பா நல்லக்கண்ணு, கடை வாசலில் நின்று பலகையை வெகுநேரம் பார்த்தார்.

"தம்பி, இந்தச் செவப்புக் கோடுதான் அது வார வழியா?"

"ஆமா மாமா. ஒன்றரை மணிக்கு ஒருக்க உலகத்தச் சுத்துது."

"உலகத்துல நாலு ஊரத்தான் எழுதியிருக்கிய. அதுல ஒண்ணு நம்ம ஊரு. மத்த மூணுலயும் கோடு படல."

மருதப்பன் சிரித்தார். "சும்மா ஒரு அடையாளத்துக்குப் போட்டேன் மாமா. யாரு மேலயாவது விழுகதுக்கு நூத்தம்பத்திரண்டுல ஒரு வாய்ப்புதான்னு அமெரிக்காக்காரனே சொல்லிட்டான்."

நல்லக்கண்ணு விரலை மடக்கினார். "கல்யாணத்துக்கு நானூறு பேரு வாராக. அப்ப ரெண்டு மூணு பேரு காலி."

"அப்படி இல்ல மாமா. உலகத்துல உள்ள அத்தன பேரையும் சேத்து, அதுல யாராவது ஒருத்தருக்கு..."

"அந்த ஒருத்தரு எங்கன இருக்காரு?"

மருதப்பன் என்னைப் பார்த்தார். நல்லக்கண்ணும் என்னைப் பார்த்தார். "நீரு படிச்சவருல்லா. நீரு சொல்லும்." எங்கே இருக்கிறார் என்று யாராலும் சொல்ல முடியாது என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அவர் பந்தல் விலையைக் கேட்காமலே பஸ் ஏறிவிட்டார்.

இரண்டாம் நாள் ஆள் வந்து சொன்னது: கல்யாணத்தை ஆவணிக்குத் தள்ளிவைக்கலாம். ஆவணி என்றால் என்ன அர்த்தம் என்று மருதப்பன் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். வீரபாண்டியின் அத்தை மகள் ஒருத்தி காத்துக்கொண்டிருந்தாள்.

அன்று அவர் வீட்டில் நானும் இருந்தேன். முருகம்மாள் ராட்டையை நிறுத்தவில்லை.

"அண்ணே, அது இங்கன விழுமா, விழாதா?"

"விழாதுன்னு சொல்ல முடியாதுட்டி."

"அப்ப விழும்ங்கியா?"

"விழும்னும் சொல்ல முடியாது."

"ஊரெல்லாம் உன்னக் கெட்டிக்காரன்னு சொல்லுது. எங்கிட்ட மட்டும் ஏன் முழிக்க?" நூல் அறுந்தது. முடிச்சுப் போட்டுக்கொண்டே சொன்னாள், "அந்தப் படத்தப் போடாம இருந்தா உனக்குச் சோறு எறங்காதோ?"

பஸ் ஏறிப் போய் நல்லக்கண்ணுவைப் பார்த்தோம். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். அவர் வைத்த வழி ஒன்றுதான். அவர்கள் ஊர் எல்லையில் சுடலைமாடன் பீடம் இருக்கிறது. அங்கே எரிகிற சூடத்தைக் கையால் அணைத்து, விழாது என்று மருதப்பன் சத்தியம் செய்ய வேண்டும். செய்தால் புதன்கிழமை கல்யாணம். பொய்ச் சத்தியம் செய்தவன் வீட்டை மாடன் சும்மா விடமாட்டான் என்பது அந்தப் பக்கம் குழந்தைக்கும் தெரியும்.

பீடத்தைச் சுற்றிக் கூட்டம் கூடியது. சூடம் ஏற்றினார்கள். மருதப்பன் கையை நீட்டி, "சங்கரன்கோவில்ல விழாது" என்று ஆரம்பித்தார்.

"இரும். எங்க ஊரு என்னாவது?" என்றார் நல்லக்கண்ணு.

"சரி, உங்க ஊர்லயும் விழாது."

"குருவிகுளம்?"

"குருவிகுளத்துலயும்."

கூட்டத்திலிருந்து ஒருவர், "எம் மவள திருவேங்கடத்துல கெட்டிக் குடுத்திருக்கேன். அதயும் சேத்துக்கோரும் வே" என்றார்.

"என் மச்சினன் கோவில்பட்டியில இருக்கான்."

"ஊரு கூடக் கூட வாய்ப்பும் கூடும்யா" என்றார் மருதப்பன். "பரப்பு பெருசானா..."

"எதுக்கு ஒண்ணொண்ணா? திருநெல்வேலி ஜில்லா பூராவும்னு சொல்லிரும். சூடம் கரையுது" என்றார் நல்லக்கண்ணு.

நான் அவர் பக்கத்தில்தான் நின்றேன். பூமியின் பரப்பில் திருநெல்வேலி ஜில்லா எத்தனையில் ஒன்று என்று அவர் மனதுக்குள் வகுத்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியும். நானும் அதையே வகுத்துக்கொண்டிருந்தேன். விடை பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வரும். ஆனால் பூஜ்யம் வராது.

"ஜில்லா பூராவும் விழாது" என்று சொல்லிவிட்டு அணைத்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே கேட்டார், "நீயா இருந்தா அணைச்சிருப்பியா, பி.எஸ்சி.?"

மாடனை நான் நம்புவதில்லை என்று கல்லூரி விடுதியில் எத்தனையோ தடவை வாதாடியிருக்கிறேன். ஆனாலும் அந்தப் பீடத்துக்கு முன்னால் என் கையைச் சட்டைப் பையிலிருந்து நான் எடுக்கவே இல்லை.

அதற்குப் பிறகு அவர் பலகைப் பக்கம் போகவில்லை. ரேடியோவை விட்டு நகரவும் இல்லை. ரிப்பேருக்கு வந்த செட்டுகளையெல்லாம் செய்திக்குத் திருப்பிவைத்துக்கொண்டு இங்கும் அங்கும் நடந்தார். கல்யாணத்தன்று காலையில்கூட அது விழவில்லை. இன்றோ நாளையோ என்று சொன்னார்கள். பந்தலில் ஆம்பிளிபயருக்கு முன்னால் உட்கார்ந்தவர், ஓடி முடிந்த இசைத்தட்டு கரகரவென்று சுற்றிக்கொண்டிருப்பதைக் கவனிக்கவில்லை. கெட்டிமேளம் கொட்டியபோது எல்லாரும் மணமேடையைப் பார்த்தார்கள். அவர் கீற்றுப் பந்தலின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலைச் செய்தியில் சொன்னார்கள். இந்துமாக்கடலிலும் ஆஸ்திரேலியாவிலும் விழுந்துவிட்டது, யாருக்கும் அடியில்லை. மருதப்பன் தரையில் உட்கார்ந்து ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்து முடித்தார்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தோம். ஆடிச் சீரோடு முருகம்மாளைப் பார்க்க நாங்கள் இருவரும் போனபோது, அந்த வீட்டு முற்றத்தில் பத்துப் பன்னிரண்டு சம்சாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மடியில் சூடப் பொட்டலம் இருந்தது.

"வாரும், வாரும்" என்று நல்லக்கண்ணு கையைப் பிடித்துக்கொண்டார். "எங்க சம்பந்தி வீட்டுப் பிள்ள. ஆஸ்திரேலியாவுக்குத் தள்ளிவிட்டது இவருதான். மருதப்பா, இந்த வருசம் ஐப்பசி மழ தப்பாதுன்னு ஒரு சூடம் அணைச்சிரும். விதைப்புக்கு முந்தி இவங்களுக்கு ஒரு தைரியம் வேணும்."

மருதப்பன் உட்காரவில்லை. "மாமா, மழை எனக்குத் தெரியாது."

"அதுவும் மானத்துலருந்து வாரதுதான?"

"அன்னைக்கும் எனக்குத் தெரியாது மாமா. கல்யாணம் நடக்கணும்னு சொன்னேன். தெரியாமத்தான் அணைச்சேன்."

முருகம்மாள் வாசல்படியில் காப்பித் தட்டோடு நின்றாள். அவள் அந்த வீட்டுக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நல்லக்கண்ணு மருமகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சிரித்தார்.

"பொய்யின்னா மாடன் விட்டிருப்பானா வே? விழலைல்லா. அப்ப நீரு சொன்னது நெசந்தான்."

சூடப் பொட்டலத்தைப் பிரிக்க ஆரம்பித்தார்கள். மருதப்பன் நின்ற இடத்திலேயே கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். மாட்டேன் என்றால் அவர் பஸ் ஏறிப் போய்விடலாம். அங்கேயே இருக்கப்போகிறவள் தங்கை.

முருகம்மாள்தான் தட்டை இறக்கிவைத்தாள். "மாமா, எங்க அண்ணனுக்கு இரும்புச் சாமான் மட்டுந்தான் கட்டுப்படும். தண்ணியெல்லாம் ஆகாது. எங்க வீட்டுக் குழாயவே நாலு வருசமா சரி பண்ணல."

ஒரு கிழவர் முதலில் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். நல்லக்கண்ணுவுக்கு முகம் கொஞ்சம் விழுந்தது. இருந்தாலும் காப்பியை எடுத்துக்கொண்டார். பொட்டலம் மறுபடியும் மடிக்குப் போயிற்று.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மருதப்பன் ஜன்னலோரம் உட்கார்ந்தார். திருவேங்கடம் தாண்டியதும் என் பக்கம் முழுக்கத் திரும்பினார்.

"அவரு சொன்னதுல தப்பு எங்கன இருக்கு? நீ படிச்சிருக்கேல்லா, சொல்லு."

விழாததும் அவர் அணைத்ததும் வேறு வேறு என்று ஆரம்பித்தேன். அது தெரியும், மேலே சொல்லு என்றார். ஒருமுறை நடந்ததை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்றேன். நல்லக்கண்ணுவுக்குப் புரிகிற மாதிரி சொல்லு, என் தங்கச்சி அந்த வீட்டுல இருக்கா என்றார். நான் இன்னொரு விதமாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டி, "இல்ல, இது அவருகிட்ட நிக்காது" என்றார். சங்கரன்கோவில் வந்து, கண்டக்டர் இறங்கச் சொன்ன பிறகும் நாங்கள் பேசிக்கொண்டுதான் இருந்தோம்.