மரகதம் மேடம் தம் பேரில் ஏற்றுக்கொண்ட தவறு

சங்கராபுரம் தாலுகா அலுவலகத்துக்கு எதிரே, நான் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் கடையில், சாதிச் சான்றிதழுக்கு வந்த ஒருவரின் விண்ணப்பத்தைப் பதிந்துகொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. தெரியாத எண். "சார், நான் சுகன்யா பேசறேன். மரகதம் மேடம் பொண்ணு. அம்மா காலைல தவறிட்டாங்க" என்றது குரல். எப்படி என்று கேட்டேன். "நெஞ்சு வலிக்குதுன்னாங்க. ஆட்டோ வர்றதுக்குள்ள முடிஞ்சிடுச்சு." அம்மாவின் போனில் இருக்கும் எண்களுக்கெல்லாம் வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருவதாகவும், இன்னும் நிறையப் பேருக்குச் சொல்ல வேண்டியிருப்பதாகவும் சொல்லி வைத்துவிட்டார். என் எண்ணை மரகதம் மேடம் அழிக்காமல் வைத்திருந்திருக்கிறார் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

மரகதம் அவர்கள் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பிறந்தவர். அப்பா மார்க்கெட் கமிட்டியில் மூட்டை தூக்கியவர். மகள் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்து, முதலில் ஒரு டிவி மெக்கானிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். பொம்பளை டிவி ரிப்பேர் பார்ப்பதா என்று தயங்கியவர்களிடம், "டிவிக்குத் தெரியாதுங்க, தொட்டது ஆம்பளையா பொம்பளையான்னு" என்பாராம். இதை அவர் சிரிக்காமல்தான் சொல்வார். கேட்டவர்கள் சிரிப்பார்கள்.

பிறகு, பின்னால் நானும் வேலைக்குச் சேர்ந்த ஒரு நிறுவனத்துக்கு வந்தார். நிறுவனம் என்றால் ஒரு மாடி, ஒன்பது பேர். கிடங்குகளில் அடுக்கும் தானிய மூட்டைகளுக்குள் வைத்து ஈரத்தையும் சூட்டையும் அளக்கும் சென்சார் டேக்குகளை வாங்கி, சோதித்து, பொருத்திக் கொடுப்பது வேலை. சோதிப்பது மரகதம் மேடம். கிடங்கு கிடங்காகப் போய் ரீடர் கருவியால் அளவெடுத்து வருவது நான்.

நான் சேர்ந்த முதல் நாள் விரல் நீளத்துக்கு ஒரு டேக்கை என் உள்ளங்கையில் வைத்தார்.

"இதுல பேட்டரி தேடாதீங்க சேகர், கெடயாது. நம்ம ரீடர்ல இருந்து போற அலையிலதான் இது கண்ணு முழிக்கும். அந்த நேரத்துல மூட்டைக்குள்ள இன்னா ஈரம், இன்னா சூடு, அத மட்டும்தான் சொல்லும். நேத்து இன்னா நடந்துச்சுன்னு கேட்டா இதுக்குத் தெரியாது. நேத்து நாம போயி கேட்டிருக்கணும்."

அதன் மெமரி நான்கு பகுதிகளாக இருந்தது. ஒன்றில் கடவுச்சொற்கள். ஒன்றில் மூட்டையின் எண். ஒன்றில் சிப் செய்த இடத்திலேயே பதிந்துவிட்ட எண். அதை யாராலும் மாற்ற முடியாது. நான்காவது, நாம் எழுதிக்கொள்ளும் பகுதி. நாங்கள் எடுக்கும் அளவுகளைத் தேதியோடு அதில்தான் எழுதுவோம். ஆனால் அந்த நான்காவது பகுதியிலும் ஒரு மூலை நமக்கானது அல்ல. ஒவ்வொரு சிப்பும் பிறக்கும்போதே கொஞ்சம் கூடவோ குறையவோ காட்டும். எவ்வளவு கூட, எவ்வளவு குறைய என்று தொழிற்சாலையில் அளந்து, அந்தத் திருத்த எண்களை அந்த மூலையில் வைத்து அனுப்புவார்கள். அதை வைத்துத்தான் ரீடர் சரியான ஈரமும் சூடும் கணக்கிடும்.

"அது மேல தெரியாம எழுதிட்டீங்கன்னு வைங்க, டேக் செத்துப் போவாது. அதான் கஷ்டம். பேசிக்கினேதான் இருக்கும், ஆனா தப்பா பேசும்" என்றார். "அதனால எழுதறதுக்கு முன்னாடி ஒரு தடவ படிச்சிடுங்க." எனக்கு அப்போது வெளியே வண்டியைத் துடைக்க வேண்டும் என்ற நினைப்பு. தலையாட்டினேன்.

வெள்ளிமலைப் பக்கம் ஒரு சிற்றூரில், மலை விவசாயிகள் சேர்ந்து ஒரு விதைக் கிடங்கு வைத்திருந்தார்கள். அறுவடை முடிந்ததும் அடுத்த ஆண்டுக்கான சாமை விதையை அங்கே மூட்டையாக அடுக்குவார்கள். சாவி பொன்னம்மாவிடம். ஐம்பது வயதிருக்கும், சங்கத்தின் தலைவியும் அவர்தான். டேக் வருவதற்கு முன்பெல்லாம் வாரம் ஒருமுறை மூட்டை வாயைப் பிரித்துக் கையை முழங்கை வரை விட்டுப் பார்ப்பாராம். எங்கள் மேலாளர் அதை நிறுத்தச் சொன்னார். பிரித்தால் சீல் போய்விடும், டேக் பார்த்துக்கொள்ளும் என்றார். மரகதம் மேடம் மட்டும் பொன்னம்மாவைத் தனியே கூப்பிட்டு, "சந்தேகம் வந்தா பிரிச்சிடுங்கம்மா. சீல் போனா நான் வேற போட்டுத் தரேன்" என்று சொன்னார். மேலாளர் காதில் விழுந்து, அன்று வண்டியில் திரும்பும்போது அவருக்குத் திட்டு விழுந்தது.

அந்தக் கார்த்திகையில் விடாத மழை. மலைப்பாதையில் மண் சரிந்து பஸ்ஸும் ஜீப்பும் நின்றுபோயின. மழைக்காலத்தில் இரண்டு நாளுக்கு ஒருமுறை அளவெடுப்பதாக ஒப்பந்தம். மூன்று வாரம் போகவில்லை. பாதை திறந்ததும் மேலாளர் என்னைக் கூப்பிட்டார். "விட்டுப்போன தேதிக்கெல்லாம் பழைய அளவுலயே கூடக் குறைய ஒரு புள்ளி வச்சி ஏத்திடு. ஒப்பந்தப்படி அளந்தோமான்னு அடுத்த வாரம் ஆபீசருங்க பாக்க வராங்க" என்றார்.

நான் மறுக்கவில்லை. மறுத்தேன், பயந்தேன் என்றெல்லாம் எழுதலாம், உண்மை அதுவல்ல. சரி சார் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

கிடங்கில் பொன்னம்மா காத்திருந்தார். "காத்துல பின்பக்கத்து தகரம் தூக்கிக்கினு போயிடுச்சு தம்பி. மறுநாளே ஆள வச்சி போட்டுட்டோம். ஆனா பின் வரிசை நனஞ்சிருக்கும்னு தோணுது. பிரிச்சிப் பாக்கட்டா?"

"இருங்கம்மா, பாத்துச் சொல்றேன்" என்றேன். முதலில் டேக்கைப் படித்திருந்தால் அந்த வரிசையின் உண்மையான சூடு தெரிந்திருக்கும். மழை மறுபடி இருட்டிக்கொண்டு வந்தது. அதற்குள் இறங்கிவிட வேண்டும் என்று, வீட்டிலேயே தயாரித்துக் கொண்டுபோன பொய் அளவுகளை முதலில் ஏற்றினேன். வழக்கமாக ஒரு வரி எழுதுவேன். அன்று ஒரே மூச்சில் பத்து வரிகள். அவை எழுதும் இடத்தைத் தாண்டித் திருத்த எண்கள் இருந்த மூலைக்குள் போய்விட்டன. ரீடரில் ஏதோ எச்சரிக்கை வந்தது. அதைத் தள்ளிவிட்டு அடுத்த மூட்டைக்குப் போனேன். எல்லாம் முடித்துவிட்டு அளவெடுத்தேன். எண்கள் அழகாக இருந்தன.

"பிரிக்க வேணாம்மா. எல்லாம் நல்லா இருக்குன்னுதான் டேக் சொல்லுது" என்றேன்.

அவர் நம்பினார். அதற்குப் பிறகு ஆறு மாதம் நான் எடுத்த உண்மையான அளவுகளும் பொய்யாகத்தான் வந்தன. எனக்கே தெரியாது.

ஆனியில் விதைப்புக்காக மூட்டைகளைப் பிரித்தார்கள். பின் வரிசை முழுக்கப் பூசணம் பிடித்துக் கட்டிகட்டியாக இருந்தது. முன் வரிசைகள் பார்வைக்குக் குற்றமில்லை. விதைத்தால் பாதி முளைக்கவில்லை. சூடு பரவியிருக்கிறது. எங்கள் அலுவலகத்துக்குத் தகவல் வந்ததும், மேலாளர் டேக்குகளைக் கழற்றிவரச் சொன்னார். "மெமரில எல்லா தேதிக்கும் அளவு இருக்குது. பிரிச்சப்பறம் அவுங்கதான் நனைய வுட்டுட்டாங்க" என்பது அவர் சொல்லப்போகும் பதில்.

டேக்குகள் மரகதம் மேடத்தின் மேசைக்குப் போயின. அன்று மதியம் என்னைக் கூப்பிட்டார். ஒவ்வொரு டேக்கின் மாற்ற முடியாத எண்ணைப் படித்து, அந்த எண்ணுக்குத் தொழிற்சாலை அனுப்பிய தாளை எடுத்து, திருத்த எண்களை ஒப்பிட்டு வைத்திருந்தார். மூலையில் இருக்க வேண்டிய எண்கள் இல்லை. நான் ஊர்ப்பெயரைச் சுருக்கி எழுதும் எழுத்துகளும் என் தேதிகளும் இருந்தன.

"நீங்களா எழுதினீங்க?"

"மேல இருந்து சொன்னாங்க மேடம்."

"யாரு சொன்னதுன்னு நான் கேக்கல சேகர்."

அவர் தாள்களை அடுக்கிக்கொண்டே சொன்னார். "நாளைக்கு மலையில கூட்டம். நீங்களே சொல்லிடுங்க. நான் சொல்லி அவுங்க கேக்கறது வேற."

மறுநாள் கிடங்கு வாசலில் அறுபது பேர் இருக்கும். மேலாளர் பேசி முடித்து, "டெஸ்ட் பண்ணவங்க இருக்காங்க, அவுங்களே சொல்லுவாங்க" என்று மரகதம் மேடத்தைக் காட்டினார். அவர் எழுந்தார். என்னைப் பார்த்தார். நெடுநேரம் என்று எனக்குத் தோன்றியது. கால் நிமிடம்கூட இருந்திருக்காது. நான் என் கையிலிருந்த ரீடரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ரோடு அடச்சிக்கினு இருந்த மூணு வாரமும் யாரும் வந்து அளக்கல. அளந்த மாதிரி எங்க ஆபீசுலதான் எழுதினோம். அப்படி எழுதினதுல டேக்கே கெட்டுப்போச்சு. உங்க மேல தப்பு இல்ல" என்றார்.

மேலாளர் முகம் கறுத்துவிட்டது. பொன்னம்மா எழுந்து, "யாரு எழுதனது? அந்த ஆளச் சொல்லு" என்றார்.

"அந்த மூலைய பூட்டி வக்க வழி இருக்குதும்மா. பூட்டிட்டா யாராலயும் மாத்தி எழுத முடியாது. பூட்டி அனுப்ப வேண்டியது நான். நேரமாவுதுன்னு சொன்னாங்க, நானும் பூட்டாம அனுப்பிட்டேன். என் பேர எழுதிக்குங்க."

அதுவும் உண்மைதான். டேக்குக்கு ஒரு நிமிடம் ஆகும் என்று மேலாளர் வேண்டாமென்றிருந்தார். ஆனால் அவருடைய அந்தச் சிறிய உண்மைக்குப் பின்னால் என்னுடைய பெரிய பொய் ஒளிந்துகொண்டது. அவர்கள் அவரைத்தான் திட்டினார்கள். ஒரு கிழவர், "படிச்சவங்க கையில வெதையக் குடுத்தோம் பாரு" என்று தலையில் அடித்துக்கொண்டார். மரகதம் மேடம் தலைகுனிந்து கேட்டுக்கொண்டு நின்றார்.

அந்த வாரமே அவருக்கு வேலை போயிற்று. எனக்குப் போகவில்லை. அவர் வேலையில்லாத அந்த நாட்களில் பொன்னம்மாவோடு ஜீப்பில் ஏறி, மலையின் மறுபக்கத்து ஊர்களில் வீடுவீடாகப் போய் சாமை விதை கேட்டிருக்கிறார். கிடைத்ததை வைத்துப் பருவம் பிந்தி விதைத்தார்கள். அந்த ஆண்டு விளைச்சல் அரைகுறைதான். சில குடும்பங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போயின.

பின்பு அவர் கள்ளக்குறிச்சியில் மிக்ஸி, ஃபேன், போன் பழுதுபார்க்கும் கடை வைத்தார். நான் அந்தத் தெரு வழியே போவதில்லை. ஒருமுறை பேருந்து நிலையத்தில் நேருக்கு நேர் பார்த்துவிட்டோம். "நல்லா கீறீங்களா? வூட்ல எல்லாம் சவுக்கியமா?" என்று கேட்டார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையால் தடுத்தார்.

"எங்கிட்ட வேணாம் சேகர். பொன்னம்மாகிட்ட சொல்லுங்க. அவுங்க வெதைதான் போச்சு."

சொல்கிறேன் என்றேன். இரண்டு ஆண்டுகள் சொல்லவில்லை.

சுகன்யாவின் போன் வந்ததும் கிளம்பிக் கருணாபுரத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது தெரு நிறைய ஆட்கள். மலையிலிருந்து இரண்டு ஜீப்பில் வந்திருந்தார்கள். பொன்னம்மா வாய்க்கரிசிக்கு அரிசி வேண்டாமென்று, முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்த சாமையைப் போட்டார். வெளியே வந்து பக்கத்தில் இருந்த பெண்ணிடம், "தப்பு பண்ணுச்சுதான். ஆனா நான்தான்னு நின்னு சொல்லுச்சு பாரு, யாரு சொல்லுவா?" என்றார்.

பாராட்டித்தான் சொன்னார். என்னால் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. பாடை தூக்கிய பிறகு ஜீப் அருகே போய், கார்த்திகை மழையில் நான் செய்ததை முதலிலிருந்து சொன்னேன். பொன்னம்மாவுக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் ஜீப் கதவை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பிரிக்கட்டான்னு உங்கிட்டதானே கேட்டேன்? நீதானே வேணாம்னு சொன்ன?"

"ஆமாம்மா."

"அது உசுரோட இருக்கும்போது சொல்றதுக்கு இன்னா உனக்கு?" என்றார். பிறகு, "எனக்கு மட்டும் சொல்லாத. மலைக்கு வா. அதத் திட்டுன வாயெல்லாம் அங்கதான் கீது."

மூன்றாம் நாள் போனேன். அதே கிடங்கு வாசல். யாரும் உட்காரச் சொல்லவில்லை. நின்றபடி சொன்னேன். அன்று தலையில் அடித்துக்கொண்ட கிழவர், நான் முடித்ததும் எழுந்து, என் முகத்தைப் பார்க்காமலே கொல்லைப் பக்கம் நடந்து போனார். பொன்னம்மா தன் போனில் சுகன்யாவை அழைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்து என்னிடம் நீட்டினார். "அந்தப் பொண்ணுக்கும் சொல்லு."

மூன்றாம் முறையாகச் சொன்னேன்.

"அம்மா ஒரு நாளும் உங்க பேரச் சொன்னதே இல்ல சார்" என்றார் சுகன்யா. "வேல ஏன் போச்சுன்னு சொந்தக்காரங்க கேட்டா, கவனக்கொறவுன்னு சொல்லுவாங்க. நானே சண்ட போட்டுருக்கேன், ஏம்மா ஒழுங்கா பாத்து செஞ்சா இன்னான்னு." குரல் உடைந்து, பின் சரியாயிற்று. "பதினாறாம் நாளுக்கு நெனவு மலர் போடறோம். நீங்க இப்ப சொன்னத அதுல எழுதிக் குடுங்க. அம்மா நல்லவங்கன்னு எழுதாதீங்க, அத எல்லாரும் எழுதுவாங்க. இத எழுதுங்க."

எழுதிவிட்டேன், மரகதம் மேடம். அனுப்புவதற்கு முன் ஒருமுறை முழுக்கப் படித்தும் பார்த்தேன். என் பேரைச் சொல்ல வேண்டிய இடங்களில் எல்லாம் சொல்லியிருக்கிறேன். உங்களுக்கு இது பிந்தி வருகிறது. நிம்மதியாகப் போய் வாருங்கள்.