மோடம் அவளுக்குத்தான் பதில் சொன்னது

இன்று வேடசந்தூர் மில்லில் என் வயிறு நன்றாகவே எரிந்தது.

மெஷின் நின்றால் மேனேஜர் செல்லுக்கு மெசேஜ் போகவேண்டும். அதற்காகக் கம்ப்யூட்டரின் சீரியல் போர்ட்டில், மெசேஜ் அனுப்பும் மோடத்தை மாட்டி, C மொழியில் புரோகிராம் எழுதியது நான். ஒரு வாரமாக "AT" என்று கட்டளை அனுப்பிக் கூப்பிடுகிறேன். மோடம் வாயே திறக்கவில்லை. கேபிளை மாற்றினேன். மோடத்தையே மாற்றினேன்.

எங்கள் சாப்ட்வேர் ஆபீஸ் ஸ்டெல்லா இன்று என்னோடு வந்தாள். திரையை எட்டிப் பார்த்தாள்.

"ஏண்ணே, கேட்ட கையோட போர்ட்டை மூடிட்டா அது யாருக்குப் பதில் சொல்லும்? செத்த நேரம் பொறுங்கண்ணே."

பதில் வரும்வரை காத்திருக்கும்படி நாலு வரி சேர்த்தாள். திரையில் "OK" வந்தது.

மேனேஜருக்கு ஒரே சந்தோஷம். "இம்புட்டு நாளா இந்தப் பொண்ணை ஏப்பா கூட்டியாரல? மெஷின் நின்னா எனக்கு முன்னாடி அந்தப் பொண்ணுக்கே மெசேஜ் போகட்டும்."

அவள் நம்பரை என் புரோகிராமில் நானே டைப் செய்தேன்.

தினமும் மெஷின் நின்று அவள் தூக்கம் கெடட்டும் என்று பஸ்ஸில் வேண்டிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது: அப்போதும் நான் எழுதிய புரோகிராம் என்னை விட்டுவிட்டு அவளைத்தான் கூப்பிடும்.

இந்த எரிச்சலுக்கு யாரிடமாவது மருந்து இருக்கிறதா? "செத்த நேரம் பொறு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.