அண்ணன் தென்னேரியில் வாங்கி வந்த உறை

எங்கள் அண்ணன் மறைந்து இந்தப் பங்குனியோடு ஓராண்டு நிறைகிறது. நினைவு மலர் போடும் அளவுக்கு நாங்கள் பெரிய குடும்பம் இல்லை. ஆனால் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அந்தப் படிப்பும் அவர் கொடுத்தது. அதனால் எழுத வேண்டியவன் நானே.

அண்ணன் ஏனாத்தூரில் பிறந்தார். அப்பா தவறியபோது அவருக்குப் பதினோரு வயது. அன்றே ஏர் பிடித்தார். என்னைப் பள்ளிக்கு அனுப்பினார். பிறகு வாழை வைத்தார். இலைக்கட்டைச் சைக்கிளில் ஏற்றிக் காஞ்சிபுரம் ஓட்டல்களுக்கும், பட்டெடுக்க வருகிறவர்கள் தங்கும் சத்திரங்களுக்கும் போடுவார். தார் வெட்டிய மரங்கள் வரப்போரம் அழுகிக் கிடக்கும்.

அம்மாவுக்கு இழுப்பு. ஈர விறகுப் புகையில் சோறு வடிப்பதற்குள் இரண்டு முறை வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். சாண எரிவாயுக் குழியைப் பற்றிக் கிராம சேவகர் சொன்னதும் அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டார். ஒரு ஜோடி மாட்டின் சாணம் போதாது. வாழைத்தண்டைக் கொத்திச் சேர்த்தால் வாயு கிடைக்கும் என்று அவராகவே முடிவு செய்தார்.

எதிர்வீட்டு மாமா விடவில்லை. "வாழ மட்டையில அடுப்பு எரிப்பியா? நாளைக்குப் பூசணித் தோல்ல பஸ் ஓட்டுவியாபா?"

"உன் வாயில ஒரு குழாய சொருவினா தெருவுக்கே அடுப்பு எரியும் மாமா" என்றார் அண்ணன்.

ஐப்பசியில், குழியின் மேல் கவிழ்த்திருந்த இரும்புக் கொப்பரை வாயு சேர்ந்து எழும்பியது. அடுப்பில் நீலமாக எரிந்தது. அம்மா, "கண்ணு எரியலபா" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு அண்ணன் சிரித்தது போல் நான் வேறு எப்போதும் பார்த்ததில்லை.

போகி வந்தது. வீடு, பானை, தொழுவம் எல்லாம் கழுவினோம். "குழியக் கழுவலாமா? தாள்ல இன்னா போட்டுக்குது பாரு" என்று அண்ணன் கேட்டார். கிராம சேவகர் கொடுத்த தாளை எடுத்துப் பார்த்தேன். "ஒண்ணும் போடலண்ணா, கழுவலாம்" என்றேன். பழைய கரைசலை வயலுக்கு இறைத்துவிட்டு, குழியைத் துலக்கி, மஞ்சள் குங்குமம் வைத்துப் புதிதாக நிரப்பினோம்.

கொப்பரை எழும்பவில்லை. தை முழுதும் புளித்த நாற்றம்தான். அம்மா விறகடுப்புக்குத் திரும்பினார். அப்புறம்தான் தாளைப் புரட்டினேன். பழைய கரைசலில் ஒரு பங்கை விட்டுவைக்க வேண்டும் என்று பின்பக்கத்தில் இருந்தது. அண்ணனிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "இப்பவாவது பாத்தியே" என்றார்.

தென்னேரியில் எரிவாயுக் குழி வைத்திருந்த பெரியவர் ஒருவரைத் தேடிப் போனார். "மோர் ஊத்தாம பால் உறையுமாபா?" என்று கேட்டுவிட்டு, அவர் உறையாக இரண்டு தகர டின் நிறையப் பழைய கரைசல் கொடுத்தார். சைக்கிளின் இருபுறமும் கட்டிக்கொண்டு வந்தார் அண்ணன். அன்று மாலை தண்டு கொத்தும்போது அரிவாள் காலில் இறங்கியது. துணியைச் சுற்றிக்கொண்டு, சாணத்தில் நின்றபடியே கரைசலை ஊற்றி முடித்தார்.

எட்டாம் நாள் தாடை இறுகி வாய் திறக்க வரவில்லை. அரிவாள் புண்ணில் சாணம் பட்டு வந்த ரணஜன்னி என்றார்கள். ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் கிடந்தார். கடித்த பல்லுக்கு இடையில் ஒருமுறை, "கொப்பர எழும்பிச்சா?" என்று கேட்டார்.

"எழும்பிடிச்சிண்ணா" என்றேன். எழும்பவில்லை. நான் அவருக்குச் சொன்ன இரண்டாவது தவறான பதில் அது. மறுநாள் விடியலில் அவர் போய்விட்டார்.

செய்தி கேட்டு மேலும் இரண்டு டின்னோடு வண்டி கட்டி வந்த தென்னேரிப் பெரியவருக்கும், ஆஸ்பத்திரியில் உடனிருந்த உறவினர்க்கும், தோள் கொடுத்த ஊராருக்கும் எங்கள் வணக்கம். காரியம் முடியும்வரை தினமும் தண்டு கொத்திக் குழியில் போட்டவர் எதிர்வீட்டு மாமா. நாங்கள் கேட்கவில்லை, அவராகவே வந்தார். பதினோராம் நாள் கொப்பரை எழும்பியது. திதியன்று படையல் அரிசி அந்த அடுப்பில்தான் வேகும்.

கடந்த போகிக்கு மறுபடி எல்லாம் கழுவினோம். நான் வாளியோடு குழிப்பக்கம் போனதைப் பார்த்து அம்மா எழுந்து வந்தார். சுற்றுச்சுவரை மட்டும் கழுவத்தான் போனேன்.

"அதத் தொடாதபா. அவன் ஊத்துனது உள்ள இருக்குது."