பன்னீர் சோடா ஊற்றிய பொக்லைன்

எட்டாம் வகுப்பு முழுக்க எங்களுக்கு ஒரே பெயர்தான்: புஸ்வாணம். முந்தைய வருஷம் விழுப்புரத்தில் நடந்த அறிவியல் கண்காட்சிக்கு நானும் என் தோழியும் ஒரு எரிமலை செய்து எடுத்துப்போனோம். நடுவர் முன்னால் அது கொஞ்சம் நுரைத்துவிட்டு அடங்கிப்போனது. அடுத்த மேசையில் நின்ற இரண்டு பையன்கள் அதைப் பார்த்துவிட்டார்கள். திண்டிவனத்தில் எங்களோடு ஒரே டியூஷனில் படித்தவர்கள், விடுவார்களா? நாங்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "புஸ்வாணம் வந்துக்கினு இருக்குடா" என்று உள்ளேயிருந்து குரல் வரும். தோழி வாயே திறக்கமாட்டாள். அவளுக்கும் சேர்த்து நான்தான் கத்துவேன்.

"இந்த வருஷம் ஃபர்ஸ்ட் பிரைஸ் வாங்கலன்னா இந்த டியூஷன் பக்கமே வரமாட்டேன்டா!" என்று ஒருநாள் எல்லார் முன்னாலும் சொல்லித் தொலைத்துவிட்டேன்.

அப்போது ஊரைச் சுற்றி நாலுவழிச் சாலை வேலை. எங்கே பார்த்தாலும் பொக்லைன் மண்ணை அள்ளிக்கொண்டிருக்கும். அதையே செய்வதென்று முடிவெடுத்தோம். தோழியின் அம்மா நர்ஸ் என்பதால் புது சிரிஞ்சுகளும் குளுக்கோஸ் டியூபும் கிடைத்தன. கைக்கு அட்டை, வாளிக்குத் தீப்பெட்டி. இரண்டு சிரிஞ்சுகளை டியூபால் இணைத்து, நீல மை கலந்த தண்ணீரை நிரப்பினோம். இந்தப் பக்கம் அழுத்தினால் அந்தப் பக்கம் கை எழும்பும். வீட்டில் அது கூழாங்கல்லையே தூக்கியது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

கண்காட்சி நாளன்று விழுப்புரம் பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. பொக்லைனைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு போனோம். யாரோ இடித்ததில் டியூப் கழன்று, நீலத் தண்ணீர் முழுக்க ஒரு பெரியவரின் வெள்ளைச் சட்டையில் கொட்டியது. "இன்னாம்மா இது, ஒரே பேஜாரா போச்சே!" என்று அவர் போட்ட சத்தம் விழுப்புரம் வரைக்கும் ஓயவில்லை.

மைப் புட்டி வீட்டில் இருந்தது. நிறத்துக்காகத் தோழி பஸ் ஸ்டாண்டிலேயே ஒரு பன்னீர் சோடா வாங்கினாள். ரோஸ் நிறம், பார்க்க ஜோராகத்தான் இருந்தது. கண்காட்சிக் கூடத்துக்குப் போய் அதை நிரப்பி அழுத்தினேன். கை அசையவில்லை. டியூப் நெடுகக் குமிழிகள். அழுத்தினால் சுருங்கின, விட்டால் பெருத்தன.

"உன் மூஞ்சில ஊத்தறேன் பாரு இந்தச் சோடாவ!" என்று கத்தினேன். அவள் டியூபையே உற்றுப் பார்த்தாள். "காத்துதான்டீ அமுங்குது. தண்ணி அமுங்காது. இரு, கொழாத் தண்ணி புடிச்சிக்கினு வர்றேன்" என்று ஓடினாள். நிறமாவது மண்ணாவது! வெறும் தண்ணீரை ஊற்றியதும் கை ஜம்மென்று எழும்பியது.

திரும்பிப் பார்த்தால், பக்கத்து மேசையில் அதே பையன்கள். அவர்களும் பொக்லைன்தான் செய்திருந்தார்கள். எங்களுடையதைவிட இரண்டு மடங்கு பெரிசு, மஞ்சள் பெயிண்ட் வேறு.

நடுவர் அவர்களிடம் முதலில் போனார். "தண்ணிக்குப் பதிலா காத்த அடைச்சா இதே மாதிரி தூக்குமா?"

"இன்னும் ஜல்தியா தூக்கும் சார். காத்து லேசுதானே!"

அவர் எங்கள் பக்கம் திரும்பி அதே கேள்வியைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், என்றைக்கும் வாய் திறக்காத என் தோழி முந்திக்கொண்டாள்.

"தூக்காதுங்க சார். கொஞ்ச நேரம் முன்னதான் செஞ்சு பாத்தோம்."

மேசைக்கு அடியிலிருந்து மிச்சச் சோடாவை எடுத்து, பையில் உபரியாக இருந்த இரண்டு சிரிஞ்சுகளை டியூபால் இணைத்து, அதில் நிரப்பி அவரிடமே கொடுத்தாள். அவர் சின்னப் பிள்ளை மாதிரி திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தார். "இத எந்தப் புஸ்தகத்துலம்மா படிச்ச?"

"பஸ் ஸ்டாண்டுல சார்" என்றாள்.

முதல் பரிசு எங்களுக்கு. அடேயப்பா, அந்த மைக்கில் எங்கள் பள்ளியின் பெயர் கேட்டபோது நான் போட்ட கூச்சல்! பொக்லைனின் கை ஒடிந்ததுகூட எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் டியூஷன் வாசலில் குரல் எதுவும் வரவில்லை. உள்ளே நான் என்னென்னவோ பேசத் தயாராகத்தான் போனேன். தோழி நேராக அந்தப் பையன்கள் முன்னால் போய் நின்று, பையிலிருந்து ஒரு பன்னீர் சோடாவை எடுத்து மூடியைத் திறந்தாள். புஸ்ஸென்று பொங்கியது.

"இந்தாங்கடா, ஃபர்ஸ்ட் பிரைஸ் வாங்கின புஸ்வாணம். குடிங்க."