தலைவர் வரும் வரைக்கும் ஒரு ஜோக்

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. பொதுக்கூட்டத்தில் மேடையைப் பார்க்க மாட்டேன்; கேட்பவர்களின் முகத்தைப் பார்ப்பேன். கட்சியில் சேர்ந்து இத்தனை வருடத்தில் ஒரு தலைவரின் பேச்சும் ஒழுங்காக நினைவில் இல்லை. ஆனால் எந்த வரிக்கு யார் முதலில் சிரித்தார், யார் பக்கத்து ஆளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார், யார் சிரிப்பது போல வாயை மட்டும் திறந்தார் என்று கேட்டால் சொல்லிவிடுவேன். கட்சிக்காரனுக்கு இதனால் பைசா பிரயோஜனம் கிடையாது. என் மனைவி இதை வேடிக்கை பார்க்கிற புத்தி என்பாள்.

அந்தப் புத்தி ஒரே ஒரு சாயங்காலம் வேலை செய்யவில்லை. அது ஏன் என்று இன்னும் குடைந்துகொண்டிருக்கிறேன்.

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்கு எதிர்ச் சந்தில் எனக்கு ஜெராக்ஸ் கடை. மனு எழுதித் தருவேன், ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுத் தருவேன். திங்கட்கிழமை குறைதீர்வு நாளென்றால் மூச்சுவிட நேரம் இருக்காது. அப்படித்தான் ஒரு பெண் பழக்கமானாள். நரிக்குறவர் குடியிருப்பில் கல்லூரிப் படிப்பை முடித்த முதல் ஆள். அவளுடைய அம்மா பஸ் ஸ்டாண்டிலும், பௌர்ணமி வந்தால் கிரிவலப் பாதையிலும் பாசிமணி விற்பவர். மகள் வாரம் தவறாமல் ஒரு கட்டு காகிதத்தோடு வருவாள். ஒரு வீட்டுப் பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ், இன்னொரு வீட்டுக்குப் பட்டா, தெருமுனைக்கு ஒரு குழாய். முதலில் என்னைத்தான் எழுதச் சொன்னாள். நான்காவது வாரம் நான் எழுதியதை வாங்கிப் படித்தாள்.

“அண்ணா, ‘கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்’னு போட்டிருக்கீங்க. கெஞ்சின்றத எடுத்துடுங்க. இது அவங்க குடுக்க வேண்டியது தானே?”

எனக்குச் சுருக்கென்றது. பிறகு அவளை ரொம்பப் பிடித்துப்போனது. அன்றிலிருந்து மனு எழுதுவது அவள் வேலை, நகல் எடுப்பது மட்டும் என் வேலை என்று ஆனது.

அவளைக் கட்சியில் சேர்த்தது நான்தான். உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது எங்கள் வார்டுக்கு விருப்ப மனு போடச் சொன்னதும் நான்தான். அந்தக் குடியிருப்பும் புதிதாக முளைத்த நகர்களும் சேர்ந்த வார்டு அது. அவள் இரண்டு நாள் யோசித்துவிட்டு வந்து, “ஆபீஸ் வாசல்ல நின்னு மனு குடுக்கறத விட, உள்ள உக்காந்து கேக்கலாம் இல்லணா?” என்றாள். நேர்காணலில் நன்றாகவே பதில் சொன்னாள். மாவட்டச் செயலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “பொண்ணு நல்லா பேசுது. பாக்கலாம்பா” என்றார். எங்கள் கட்சியில் ‘பாக்கலாம்’ என்றால் முக்கால்வாசி முடிந்த மாதிரி. அவளுக்கு அந்த சீட் கிடைத்தால் அவர்களில் ஒருவர் முதல்முறையாக மாநகராட்சி மாமன்றத்துக்குள் உட்காருவார். இதை நினைத்து அவளை விட நான்தான் அதிகம் குதித்தேன்.

வேட்பாளர் பட்டியல் வருவதற்கு முன் எங்கள் வார்டில் ஒரு தெருமுனைக் கூட்டம் போட்டோம். தலைவர்கள் சொன்ன நேரத்துக்கு வந்ததாக எங்கள் ஊரில் சரித்திரம் இல்லை. அதற்காகவே ஒரு பேச்சாளர் முன்கூட்டியே வந்துவிடுவார். தலைவரின் கார் வந்து நிற்கும் வரைக்கும் கூட்டம் கலையாமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. கொள்கையைப் பேசினால் ஜனங்கள் எழுந்து போய்விடுவார்கள், அதனால் ஜோக். அன்றைக்கு வந்தவர் வெளி மாவட்டத்துக்காரர், தொழில் தெரிந்தவர். வேனிலிருந்து இறங்கியதுமே, “வார்டு விவரம் ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க தலைவரே” என்றார். எல்லா ஊரிலும் இப்படி ஒரு சீட்டு வாங்கிக்கொள்வார்களாம். உள்ளூர் ஆள் பேசுவது போலவே இருக்கும்.

குடிநீர், கால்வாய், தெருவிளக்கு என்று எழுதினேன். கடைசியாக, விருப்ப மனு கொடுத்திருப்பவர் நரிக்குறவர் சமூகத்தின் பட்டதாரிப் பெண் என்று எழுதி, அதற்குக் கீழே கோடும் போட்டேன். பெருமையில் போட்ட கோடு அது.

குடியிருப்பு ஜனங்களை முன்வரிசை நாற்காலிகளில் உட்கார வைத்திருந்தோம். தலைவருக்குப் போட அவர்கள் பெரிய மணி மாலை ஒன்று கோத்து வந்திருந்தார்கள்; போட்டோவுக்கு அது நன்றாக இருக்கும் என்று நாங்கள்தான் கேட்டிருந்தோம். அந்தப் பெண் மேடையில் பின்வரிசையில் இருந்தாள். தலைவரின் கார் கீழ்பென்னாத்தூரையே தாண்டவில்லை என்று போன் வந்தது. பேச்சாளர் குடிநீரைப் பேசி முடித்தார், கால்வாயைப் பேசி முடித்தார். சீட்டைக் குனிந்து பார்த்தார்.

அந்த ஜோக்கை முழுதாக எழுத எனக்கு இஷ்டமில்லை. அந்தப் பெண் கவுன்சிலரானால் வார்டில் பூனைத் தொல்லையும் காக்காய்த் தொல்லையும் தீர்ந்துவிடும் என்று ஆரம்பித்தார். பிறகு அவள் மாமன்றத்தில் எப்படிப் பேசுவாள் என்று, பஸ் ஸ்டாண்டில் மணி விற்பவர்களின் குரலை மூக்கால் இழுத்து நடித்துக் காட்டினார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். வயிறு குலுங்கச் சிரித்தேன். எப்போதும் முகங்களைப் பார்க்கிறவன், அன்று மேடையோரம் மைக்குக்குப் பக்கத்தில் நின்று பேச்சாளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளை நான் திரும்பிப் பார்க்கவில்லை. தலைவர் வந்தார், மணி மாலையைப் போட்டுக்கொண்டார், கொஞ்ச நேரம் பேசினார், போய்விட்டார்.

மறுநாள் காலையில் அந்த ஜோக் எல்லா செல்போனிலும் ஓடியது. மைக்குக்குப் பக்கத்தில் ஒரு சிரிப்பு மட்டும் தனியாகக் கேட்டது. “இது உங்க சிரிப்புதானே?” என்றாள் என் மனைவி, காபி டம்ளரை வைத்துக்கொண்டே. அவளுக்குச் சந்தேகமே இல்லை, உறுதிப்படுத்திக்கொள்ளத்தான் கேட்டாள்.

கட்சியில் முதலில் யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. எல்லாரும்தான் சிரித்தார்கள், முன்வரிசையே சிரித்தது என்றார்கள். மத்தியானத்துக்குள் எதிர்க்கட்சிகள் கையில் எடுத்துக்கொண்டதும் மாவட்டச் செயலாளர் எனக்குப் போன் போட்டார்.

“அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வீடியோ வாங்கிட்டு வா. என் மனசு புண்படல, குடும்பத்துக்குள்ள கேலி பண்ணிக்கிறதுதான்னு சொன்னா போதும். நாளைக்கு லிஸ்ட் மேல போவுது, புரியுதா?”

புரிந்தது. வீடியோ வந்தால் சீட் வரும். ஜோக் சொன்னவரிடம் யாரும் ஒரு வீடியோவும் கேட்கவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அவர்கள் வீட்டில் அம்மா தரையில் உட்கார்ந்து மணி கோத்துக்கொண்டிருந்தார். மகள் எனக்கு நாற்காலி போட்டாள். வந்த விஷயத்தைச் சொன்னேன், சீட் விஷயத்தையும் மறைக்காமல் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. என் மனுவில் ஒரு வரியைக் காட்டிக் கேட்பாளே, அதே முகத்தோடு கேட்டாள்.

“நீங்க சிரிச்சீங்க இல்லணா? அதுல எது சிரிப்புன்னு எனக்கு நெஜமாவே புரியல. அந்த ஜோக்க எனக்கு ஒருவாட்டி சொல்லுங்க. சிரிப்பு வந்தா நானே வீடியோ குடுக்கறேன். செல்ல ஆன் பண்ணிட்டே சொல்லுங்க.”

என் போனைத் தங்கள் பக்கம் பார்க்கிற மாதிரி சொம்பில் சாய்த்து வைத்தாள். நான் ஆரம்பித்தேன். சாதாரணக் குரலில் சொன்னால் அது ஜோக்காகவே இல்லை. வெறும் அவதூறாக இருந்தது. பூனை, காக்காய் என்று சொல்லும்போது எனக்கே நாக்குக் கூசியது. அதனால் அந்தக் குரலைப் போட்டேன். போட்ட பிறகுதான் எனக்கு ஆச்சரியம். யாரிடமும் கற்காத குரல், எவ்வளவு சுலபமாக என் தொண்டையிலிருந்து வந்தது! பள்ளிக்கூடத்தில் நாங்கள் எல்லாருமே இப்படிப் பேசி விளையாடியிருக்கிறோம் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

குரல் மாறியதும் அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். வாய் நிறையச் சிரித்தார். உண்மையைச் சொல்கிறேன், அந்த ஒரு நொடி எனக்கு அப்பாடா என்றிருந்தது.

“போதும்ணா, நிறுத்துங்க” என்றாள் மகள். “எங்கம்மா எதுக்குச் சிரிக்குது தெரியுமா? நீங்க என்ன சொன்னீங்கன்னே அது கேக்கல. பஸ் ஸ்டாண்டுல யாராவது இப்படி இழுத்துப் பேசினா சிரிச்சிடும். சிரிக்கலன்னா, ‘இன்னா மொறைக்கிற’ம்பாங்க. சிரிச்சா வுட்டுட்டுப் போயிடுவாங்க. சின்னதுலேருந்தே அப்படிப் பழகிடுச்சு.”

அம்மா இன்னும் சிரித்த முகத்தோடுதான் இருந்தார். “டீ வெக்கட்டுமாங்க?” என்று என்னைக் கேட்டார்.

வேண்டாம் என்று எழுந்தேன். மகள் வாசல் வரைக்கும் வந்தாள். “வீடியோ வேணாம்ணா. சீட் போயிடும்னு தெரியும். எனக்கு ஆச இல்லாம இல்ல. ஆனா அந்த வீடியோவ நாளைக்கு எங்க புள்ளைங்க பாக்கும்.” சொல்லிவிட்டு உடனே உள்ளே போய்விட்டாள்.

இதற்குப் பிறகு நான் செய்த காரியத்துக்கு என்னால் நல்ல காரணம் எதுவும் சொல்ல முடியவில்லை. போனில் பதிவானதை அவளைக் கேட்காமல் மாவட்டச் செயலாளருக்கு அனுப்பினேன். நான் ஆயிரம் விளக்கிச் சொல்வதை விட அவள் சொன்னதை அவர் காதால் கேட்டால் மனசு மாறிவிடும் என்று நம்பினேன். இத்தனை வருடம் கட்சியில் இருந்தும் இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

சாயங்காலம் கட்சியின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு வீடியோ வந்தது. நான் அனுப்பியதைத்தான் வெட்டியிருந்தார்கள். படத்தில் அந்த அம்மா மட்டும் இருக்கிறார், வெளியிலிருந்து என் குரல் கேட்கிறது, அவர் வாய் நிறையச் சிரிக்கிறார், அதோடு முடிகிறது. மேலே ஒரு வரி: ‘பெற்ற தாயே சிரிக்கிறார், உங்களுக்கு ஏன் வலிக்கிறது?’

உடனே போன் போட்டேன். மாவட்டச் செயலாளர் குஷியாக இருந்தார். “சூப்பர்பா! பொண்ணு பேசறத விட இது ஜாஸ்தி எடுபடும்.”

“அண்ணா, அதுக்கப்புறம் அந்தப் பொண்ணு சொல்றதக் கேட்டீங்களா?”

“கேட்டேன் கேட்டேன். அது ரொம்ப நீளமா இருக்குபா.”

சீட் வேறொருவருக்குப் போனது. அவள் சுயேச்சையாக நின்றாள். வாக்குச்சாவடிகளில் எப்போதும் எங்கள் கட்சி முகவராக உட்காரும் குடியிருப்பு ஆட்கள் அன்று ஒருவரும் வரவில்லை. அவளும் ஜெயிக்கவில்லை, நாங்களும் ஜெயிக்கவில்லை. நடுவில் மூன்றாவது ஆள் ஜெயித்துவிட்டுப் போனார். பக்கத்து வார்டுகளிலும் அடி விழுந்தது. ஆய்வுக் கூட்டத்தில் மழையைக் காரணம் சொன்னார்கள், வாக்காளர் பட்டியலைச் சொன்னார்கள், உள்குத்து என்றார்கள். நான் எழுந்து, அந்த ஜோக் என்று சொன்னேன். அந்த ஆய்வுக் கூட்டத்தில் எல்லாரும் மனசுவிட்டுச் சிரித்தது அதற்குத்தான்.

ஆனால் கட்சிக்கு என்ன ஆனது என்பதை நான் ஓட்டு எண்ணிக்கையில் பார்க்கவில்லை, அதற்கு முன்பே பிரச்சாரக் கூட்டம் ஒன்றில் பார்த்தேன். இன்னொரு பேச்சாளர், அதே தொழில். ஆசிரமங்களுக்கு வரும் வெள்ளைக்காரர்கள் வேட்டி கட்டுவதைச் சொன்னார், வடக்கிலிருந்து வந்த கொத்தனார் தமிழ் பேசுவதைச் சொன்னார். எப்போதும் சிரிப்பு வெடிக்கிற இடங்கள். இந்த முறை ஜனங்கள் முதலில் பக்கத்து நாற்காலியில் யார் இருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அங்கங்கே இரண்டு பேர் சிரித்தார்கள். பேச்சாளர் கொஞ்ச நேரம் தடுமாறி, கால்வாயைப் பற்றிப் பேசிவிட்டு உட்கார்ந்தார். தலைவர் வருவதற்குள் பாதி நாற்காலி காலியாகிவிட்டது. ஜோக்கை எடுத்துவிட்டால் ஜனங்களிடம் சொல்ல எங்களிடம் என்ன இருந்தது என்று நான் அன்றுதான் முதல்முறையாக யோசித்தேன்.

தேர்தல் முடிந்து ஒரு திங்கட்கிழமை அவள் கடைக்கு வந்தாள். இனி வரமாட்டாள் என்றே நினைத்திருந்தேன். வழக்கம்போல ஒரு கட்டு காகிதம். நகல் எடுத்துக் கொடுத்தேன். அவள் எதையும் சொல்லிக் காட்டவில்லை, எனக்குத்தான் நிற்க முடியவில்லை. அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

“பஸ் ஸ்டாண்டுக்குப் போறதில்லணா. எல்லார் செல்லுலயும் அந்த வீடியோ இருக்கு. மணிய எடுத்துக் காட்டினா, ‘அந்தச் சிரிப்ப ஒருவாட்டி சிரி’ன்றாங்களாம். மொதல்ல சிரிச்சுதாம். இப்ப வீட்டுலயே கம்மியாதான் பேசுது.”

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். “எங்கிட்ட எதுக்குணா, எங்கம்மாகிட்ட கேளுங்க” என்று சொல்லிவிட்டு, காகிதங்களை அடுக்கிக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்குள் போனாள்.

அவர்கள் வீடு என் கடையிலிருந்து நடந்து போகிற தூரம்தான். இன்னும் நான் போகவில்லை. அந்த அம்மா திட்டினால் வாங்கிக்கொள்வேன், முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் தாங்கிக்கொள்வேன். நான் வாசலில் போய் நின்றதும் என்னைப் பார்த்து அவர் சிரித்துவிட்டால் என்ன செய்வேன் என்றுதான் எனக்குத் தெரியவில்லை.